கட்டைவிரலுக்குச் சம்பளம் கிடையாது

திருப்பூர் மண்ணரையில் யாரிடமாவது "கை வலிக்குதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் பதற மாட்டார்கள். "எந்த மெசினுங்க?" என்று கேட்பார்கள். ஓவர்லாக் என்றால் அதற்கொரு தைலம், பவர் டேபிள் என்றால் அதற்கொரு ஒத்தடம், கட்டிங் என்றால் "அது அப்பிடித்தானுங்க இருக்கும்" என்று ஓர் ஆறுதல். ஊத்துக்குளி ரோட்டிலிருந்து எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் தையல் சத்தம் கேட்கிற ஊர் இது. இங்கே கைவலி நோயில் சேர்த்தி இல்லை, வேலையில் சேர்த்தி.

சிக்கல் என் பதிலில்தான் இருந்தது. "மெசின் இல்லீங்க. பேஸ் கிடாருங்க."

இதற்குத் தைலமும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. ஒரு பார்வை மட்டும் உண்டு. வேலை செய்து கை வலித்தால் பாவம். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய ஒரு மரக்கட்டையை வைத்து வலியை வரவழைத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் தெருவில் இன்னும் முடிவாகவில்லை.

நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் தையலுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் தொழில். ராத்திரியில் பேஸ் கிடார் பழகுவேன். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் பொங்கல் வந்துவிட்டால் ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடை ஏறுவேன். மேடையில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சம் வந்து சேராத மூலை.

அக்கா வீட்டுக்காரர் ஃபிளாட்லாக் டெய்லர். என் கிடாரை முதன்முதலில் பார்த்தபோது அவர் கேட்டது இது: "ஏனுங்க மாப்ள, பழசா வாங்கிட்டீங்களா? ரெண்டு கம்பி அந்து போயிருக்குது?" பேஸ் கிடாருக்கு நாலே கம்பிதான், நாலும் தடிமன், கிடாரைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும், அதில் கடைசிக் கம்பி விநாடிக்கு 41 தடவைதான் அதிரும் என்றெல்லாம் சொன்னேன். "அப்ப காதுல கேக்காதுங்களா?" என்றார். கேட்கும், ஆனால் கேட்கிறது என்று தெரியாது என்றேன். கணக்கு வழக்கில் ஏதோ மறைக்கிற ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கடைசியில் இளையராஜாதான் கைகொடுத்தார். 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்தில் எஸ்.பி.பி. பாடிய அந்த மலர்வனப் பாட்டை டீக்கடையில் போடச் சொன்னேன். "பாட்டுக்காரரை விடுங்க. வயலினை விடுங்க. அடியில ஒண்ணு தனியா நடந்து போகுது பாருங்க, அதை மட்டும் கேளுங்க." மச்சான் டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டார். பத்து வயதிலிருந்து கேட்ட பாட்டு அது. "அட, இத்தன நாளா இவன் இங்கயா இருந்தான்?" என்றார். அன்றிலிருந்து என் வாத்தியத்துக்கு வீட்டில் மரியாதை வந்தது. கைக்கு வரவில்லை.

வலி இடது கையில். கட்டைவிரல் அடியில் தொடங்கி மணிக்கட்டின் ஓரமாக ஏறும். டம்ளரைத் தூக்கினால் சுரீர் என்னும். கதவுக் குமிழைத் திருப்பினால் சுரீர். எல்லாவற்றையும்விடக் கொடுமை பைக்கின் கிளட்ச். காலை ஒன்பது மணிக்கு ஊத்துக்குளி ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்: அது சாலை அல்ல, கிளட்ச் பிடித்து விடுவதற்கான நீளமான பயிற்சிக்கூடம்.

இந்த வாத்தியத்தை உண்டாக்கிய புண்ணியவான் கலிபோர்னியாக்காரர் லியோ ஃபெண்டர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1951-ல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் கம்பியின் அதிரும் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். உலகம் முழுக்க இன்றுவரை பெரும்பாலான பேஸ் கிடார்களின் அளவு அதுதான். லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது இந்த இடத்தில் சொல்ல வேண்டிய தகவல். எங்கள் ஊரில் பேட்டர்ன் மாஸ்டர்கூடத் தான் போட்ட சட்டையை ஒரு தடவையாவது மாட்டிப் பார்ப்பார்.

34 அங்குலம் என்றால் கைக்கு என்ன ஆகிறது? கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைதான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டே தலைப்பிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது. நாலாவது ஃப்ரெட் ஏழு அங்குலம். பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது 'ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்' என்ற சட்டம். விரலுக்கு விரல் இடைவெளியைப் பிரித்துப் பிடித்து, அந்த நிலையிலேயே தடிக் கம்பியை அழுத்த வேண்டும். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற விசை சுமார் 75 கிலோ வரும். பழைய அரிசி மூட்டை ஒன்றின் எடை. அந்த இழுப்பைத் தாங்கக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். என் கழுத்துக்குள் ஒன்றும் வைக்கவில்லை. அதன் மேல்தான் நாலு கிலோ கிடாரை வாரில் மாட்டித் தொங்கவிடுகிறோம்.

எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். "கட்டைவிரலை உள்ள வச்சு முஷ்டி பிடிங்க. அப்பிடியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாச் சாயுங்க" என்றார். சாய்த்தேன். வெளியே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகத்தில் பரம திருப்தி. ஃபிங்கல்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் பரவலாக அழைக்கப்படுகிற சோதனை அது, கத்தினால் தேர்ச்சி. நோயின் பெயர் டி குவெர்வேன். 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலுக்குப் போகிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. ஓயாமல் உரசினால் உறை தடித்துப் போகும். பிறகு ஒவ்வொரு அசைவும் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டு அலறும்.

"நீங்க டெய்லருங்களா?"

"இல்லீங்க."

"வீட்ல கைக்குழந்தை இருக்குதுங்களா? புள்ளையத் தூக்கித் தூக்கி அம்மாமாருக்குத்தான் இது நெறையா வரும்."

"இல்லீங்க. பேஸ் கிடார் வாசிக்கிறேனுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தார். அப்புறம் என் கையைத் திருப்பிப் போட்டுப் பாடமே நடத்திவிட்டார். விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நார்கள் வழியாக விரலை இழுக்கின்றன. மணிக்கட்டுக்குள் எலும்பும் இணைப்புநாரும் சூழ்ந்த ஒரு குறுகிய குகை உண்டு. ஒன்பது நார்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மணிக்கட்டை ஒடித்து வைத்தால் குகை நெருக்கும். நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகும். அதுதான் கார்ப்பல் டனல். "விரல் நுனி எரிஞ்சாப் பரவால்லீங்க, தோலு காச்சுப் போனா சரியாயிரும். மரத்துப் போறது, ராத்திரி மதமதன்னு எழுப்பிவிடறது, அது வந்துச்சுன்னா அன்னைக்கே வாங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுத்த ஃபீஸ் தகும் என்பேன். கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டை அசையாமல் பிடிக்கிற ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, கடைசியாக அந்தச் சொல்லைச் சொன்னார்: ஓய்வு.

திருப்பூரில் ஓய்வு என்பது மருந்துச் சீட்டில் எழுதித் தருகிற சமாச்சாரமா? இங்கே சனிக்கிழமை சம்பளம், ஷிப்ட் கணக்கு, பீஸ் கணக்கு. கை நின்றால் சம்பளம் நிற்கும். ஓய்வு வேண்டுமென்றால் ஆர்டர் நிற்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதே, அப்போது அப்படி நின்றது. மச்சானின் தோள்பட்டைக்கு எத்தனையோ டாக்டர்கள் எழுதிக் கொடுத்தும் கிடைக்காத ஓய்வை டிரம்ப் ஒரே கையெழுத்தில் கொடுத்தார். தோள்பட்டை நன்றாகவே தேறியது. அதற்காக அக்கா வீட்டில் யாரும் பாயசம் வைக்கவில்லை.

அம்மாவிடம் நோயை விளக்கினேன். அவர் மறுநாள் குழாயடியில் அதைச் சுருக்கி, "எம்பையனுக்குப் புள்ள பெத்தவீகளுக்கு வர்ற நோவு" என்று வெளியிட்டார். அதன்பின் வைத்தியம் வீட்டு வாசலுக்கே வந்தது. முடக்கத்தான் தோசை வந்தது. தவிட்டு ஒத்தடம் வந்தது. கோடாலித் தைலம் வந்தது. அதைப் பூசிக்கொண்டு கண்ணைத் துடைத்த அனுபவத்தை இங்கே விரிக்க வேண்டாம். பிறக்கும்போது கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மூளிக்குளத்துப் பக்கமிருந்து அப்படிப் பிறந்த ஒருவரை அம்மா கூட்டியே வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எடை தொண்ணூறுக்குக் குறையாது. "முதுகுச் சுளுக்குத்தானுங்க நமக்குப் பழக்கம். கையை எப்பிடி மிதிக்கறது?" என்று அவரே தயங்கியதால் என் மணிக்கட்டு இன்று உடம்போடு இருக்கிறது. காபி குடித்துவிட்டு, ஒப்புக்குப் பெருவிரலால் ஒரு தொடு தொட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நாட்டுப்புறத்து மூடத்தனம் என்று சிரிக்கிறவர்களுக்கு ஷூமானின் கதையைச் சொல்ல வேண்டும். ராபர்ட் ஷூமான், ஜெர்மனியின் பெரிய இசையமைப்பாளர். 1830-களின் தொடக்கத்தில், பியானோ மேதையாக வேண்டும் என்று வெறியோடு பழகிய காலத்தில், அவருடைய வலது கை கெட்டுப்போனது. விரலை வலுப்படுத்த அவர் மாட்டிக்கொண்ட ஒரு கருவிதான் காரணம் என்று ஒரு கட்சி. நரம்புக் கோளாறு என்று இன்னொரு கட்சி. டாக்டர் சொன்ன வைத்தியங்களில் ஒன்று, அப்போதுதான் அறுத்த பிராணியின் வயிற்றுக்குள், சூடு ஆறுவதற்குள் கையை வைத்துக்கொள்வது. வைத்தார். மாட்டுக் குணம் தனக்குள் ஏறிவிடுமோ என்று பயந்தும் இருக்கிறார். நான் இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நின்றபோது, முன்னால் தொங்கியதைப் பார்த்து ஒரு கணம் யோசித்தேன். கடைக்காரர் கையில் கத்தி இருந்தது. அரைக் கிலோ போதும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

நம் வாத்தியக்காரர்கள் இதில் புத்திசாலிகள். கோயில் திருவிழாவில் எங்கள் கச்சேரிக்கு முன்னால் நாதஸ்வரம் முடிந்து இறங்கிய தவில்காரர் என் பட்டையைப் பார்த்துவிட்டு, தன் விரலில் இருந்த கூடுகளைக் கழற்றிக் காட்டினார். துணியைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்கிற விரல்தொப்பி அது. கல் மாதிரி இருக்கும். வெறும் விரலால் தவிலை அந்த அடி அடித்தால் விரல்தான் கிழியும், ஆகவே விரலுக்கு வெளியே ஒரு விரல் செய்துகொண்டார்கள். "நீங்களும் ஒண்ணு போட்டுக்கலாமேங்க" என்றார். வலி நுனியில் இல்லை, அடியில் என்றேன். "அப்ப புடி தப்புங்க" என்று சொல்லிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவு பெரிய தீர்ப்பை அவ்வளவு சுலபமாக வழங்கிய நீதிபதியை நான் பார்த்ததில்லை.

அந்தத் தீர்ப்புக்கு விளக்கவுரை எழுதியவர் எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டுக்காரர். கட்டிங் மாஸ்டர். அறுபதை நெருங்குகிறார். கத்திரி பிடித்தே வலது கட்டைவிரல் ஒரு பக்கம் அகன்று தட்டையாகிவிட்டது. இப்போது கரண்டு மெசினில் அறுக்கிறார். பையர் ஆடிட் வருகிற நாளில் இரும்பு வளையக் கையுறை போட்டுக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் திண்ணையில் உட்கார்ந்து பழகும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆள் என் முகத்தையும் பார்க்கவில்லை, முன்னால் ஓடுகிற விரல்களையும் பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"தம்பி, பின்னால அந்த வெரலு என்ன பண்ணுதுங்க?"

"புடிச்சுக்குதுங்கண்ணா."

"எதை?"

"கிடாரைத்தானுங்க."

"தோள்ல வாரு மாட்டியிருக்கறீங்களே, அது எதைப் புடிச்சிருக்குது?"

நான் வாரைப் பார்த்தேன்.

"புதுசா வர்ற டெய்லருங்க இப்பிடித்தான் பண்ணுவாங்க. துணியைப் புடிச்சு இழுப்பாங்க. ஊசிக்குக் கீழ பல்லு இருக்குதல்லங்க? துணியை அது இழுத்துக்கும். கை வழி காட்டுனாப் போதும். இழுக்கறவன் மத்தியானம் கை வீங்கி வந்து நிப்பான். தையலும் கோணலாப் போயிருக்கும். இந்த வெரலுக்கு இங்க சம்பளம் கெடையாதுங்க தம்பி. சம்பளம் வாங்கற நாலு வெரலும் வேலை செய்யட்டும், இது சும்மா நிக்கட்டும்."

கட்டைவிரலை முழுதாக எடுத்துவிட்டு வாசிக்கச் சொன்னார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுரம் வந்துவிட்டது. கையின் கனமே பின்பக்கமாக இழுத்தது. வலது முன்கை கிடாரின் உடம்பை என் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டது. கம்பி ஒழுங்காக அழுந்தியது. பேஸ் வாத்தியார்கள் உலகமெங்கும் சொல்லித் தருகிற சோதனையும் இதுதான். மேல்நாட்டு வாத்தியாரின் வீடியோவில் பலமுறை பார்த்தும் உறைக்காத ஒன்று, கால் மேல் கால் போட்டுப் பீடி பற்ற வைத்தபடி ஒருவர் சொன்னதும் உறைத்தது. வீடியோ வாத்தியார் துணி கிழிவதைப் பார்த்தவரில்லையே.

அடுத்து எவ்வளவு அழுத்துவது என்ற கேள்வி. இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்தினால் அதிக பலம் வேண்டும். ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் அழுத்தினால் கொஞ்சம் போதும். ஒரு சுரத்தை வாசித்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் கம்பி 'கொர்ர்' என்று இரையும். அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அவ்வளவுதான் தேவை. எங்களில் பெரும்பாலோர் மரத்துக்குள்ளே கம்பியைப் புதைக்கிற வேகத்தில்தான் அழுத்துகிறோம். மணிக்கட்டு ஒடியாமல் இருக்க வாரைச் சுருக்கிக் கிடாரை மேலே ஏற்ற வேண்டும். முழங்காலுக்குத் தொங்கவிட்டால் ராக் ஸ்டார் மாதிரி இருக்கும் என்பது உண்மை. மேலே ஏற்றினால் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. டாக்டர் கேட்டதில் நியாயம் இருந்திருக்கிறது.

ஆனாலும் வீட்டில் வலி விடவில்லை. மேடையில் இரண்டு மணி நேரம் வாசித்தால் கை நன்றாக இருக்கிறது, வீட்டில் அரை மணி நேரத்தில் முறுக்குகிறது. துப்பறிந்ததில் குற்றவாளி அம்மா என்று தெரிந்தது. லைன் வீட்டில் சுவருக்குச் சுவர் ஒட்டு. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவர்கள் பகலிலும், பகல் ஷிப்ட் முடித்தவர்கள் இரவிலும் தூங்குவார்கள். ஆகவே அம்மா ஆம்ப்ளிஃபையரைக் குறைக்கச் சொல்வார். குறைத்தால் எனக்கு என் சத்தம் கேட்காது. கேட்காததால் வலது கை கம்பியை ஓங்கி இழுக்கும். அது ஓங்கினால் இடது கை தானாகவே இறுக்கும்; இரண்டு கைகளும் ஒரே உடம்பில் இருப்பதன் தொல்லை அது. சத்தம் போட வேண்டியது மின்சாரம். அந்த வேலையை எலும்பு செய்துகொண்டிருந்தது. ஹெட்ஃபோன் மாட்டுகிற சின்ன ஆம்ப் ஒன்று வாங்கியதும் சிக்கல் தீர்ந்தது. இப்போது தொட்டாலே இடி இடிக்கிறது, எனக்கு மட்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நான் காதைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு கட்டையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். தெருவில் என் பெயர் இதனால் உயரவில்லை.

கிடாரைச் சரிசெய்தது கம்பெனி மெக்கானிக். கம்பி ஃப்ரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் விரல் அத்தனை தூரமும் அமுக்க வேண்டும். அதைக் குறைக்கக் கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியை ஆலன் கீ வைத்துக் கால் சுற்று திருப்ப வேண்டும், பிரிட்ஜில் உள்ள குட்டி ஸ்குரூக்களை இறக்க வேண்டும். கோயம்புத்தூருக்குத் தூக்கிப் போகலாம் என்றிருந்தேன். ஓவர்லாக் மெசினைக் குடலும் ஈரலுமாகப் பிரித்துப்போட்டு டீ டைமுக்குள் மாட்டிவிடுகிற மனிதர், "ஆலன் கீ தானுங்க? எல்லா சைஸும் இருக்குது" என்று பையைத் திறந்தார். கால் சுற்று திருப்பினார், கண்ணை மூடிக் காத்திருந்தார், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் காகிதத்தைச் செருகிப் பார்த்தார், மறுபடி கால் சுற்று. முடித்துவிட்டு, "ஆயில் எங்க உடறதுங்க?" என்றார். தடுத்துவிட்டேன்.

கம்பியையும் மாற்றினேன். வழக்கமான செட்டில் மெல்லிய கம்பி 45, தடிக் கம்பி 105. அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று கணக்கு. மச்சானிடம், "45-லிருந்து 40-க்கு மாறிட்டேனுங்க, கைக்கு லேசா இருக்குது" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "40 எப்பிடிங்க லேசாகும்? தடிமனாயிருமே?" நூல் கவுண்ட் கணக்கில் வாழ்கிற மனிதர். 20-ஆம் நம்பர் நூல் தடிமன், 40 மெல்லிசு, எண் ஏற ஏற நூல் இளைக்கும். கம்பியில் எண் ஏற ஏற தடிக்கும். விளக்கி முடித்ததும், "தலைகீழா எழுதி வச்சிருக்கறாங்க. அதான் உங்களுக்குக் கை வலிக்குது" என்று முடித்துவிட்டார்.

குழுவில் இருக்கிற மூத்த கிடார்காரர் மோதிரவிரலைப் பற்றி ஒரு ரகசியம் சொன்னார். உள்ளங்கையை மேசையில் பதித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். வராது. பக்கத்து விரல்களின் நாரோடு பிணைக்கப்பட்ட பிறவி அது. இந்த விரலைத் தனியாக நிற்கவைத்து வேலை வாங்குவதுதான் அந்த 'ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்' சட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் டபுள் பேஸ் சொல்லிக்கொடுத்த ஃபிரான்ஸ் சிமாண்டில் என்பவருக்கு இது தெரிந்திருந்தது. அவர் முறையைப் பேஸ் கிடாருக்குக் கொண்டுவந்தால், ஃப்ரெட்டுகள் அகலமாக இருக்கிற கீழ்ப் பகுதியில் ஆள்காட்டி, நடுவிரல், பிறகு மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஜோடியாக; மூன்று ஃப்ரெட் அகலத்துக்கு மேல் கை விரியாது; தேவைப்பட்டால் கையே நகர்ந்து போகும். நாலு ஆள் வேலையை மூன்று ஆளை வைத்து முடிப்பது என்பது எங்கள் ஊருக்குப் புதிய தத்துவம் இல்லை என்றாலும், இங்கே மட்டும்தான் அதனால் தொழிலாளிக்கு நன்மை.

அப்படியும் கை போதாதவர்களுக்குக் குட்டை பேஸ் இருக்கிறது. 30 அங்குலம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கையில் இருக்குமே வயலின் உருவத்தில் ஒன்று, ஹோஃப்னர் 500/1, அது அந்த அளவு. கம்பி அதேதான் என்றால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது, நாலு ஃப்ரெட் தூரமும் ஆறே கால் அங்குலத்துக்குள் அடங்குகிறது. விலை மட்டும் குறையவில்லை. "நாலு இஞ்சு துணி கம்மி, ரேட்டு அதேயா?" என்று மச்சான் கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

கட்டிங் மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன். "அண்ணா, எனக்குச் சொன்னீங்களே, உங்க வெரலு இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

"வலிக்குதுங்க தம்பி."

"நீங்களும் லேசாப் புடிக்கலாமல்லங்க?"

"உங்களுக்குப் பாட்டு முடிஞ்சா கைதட்டுவாங்க. எனக்கு ஒரு லே துணி அறுத்து முடிஞ்சா அடுத்த லே போட்டிருப்பாங்க" என்றார். பிறகு என் கையில் இருந்த பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அதே மாதிரி ஒன்றைப் பனியன் வேஸ்ட்டில் தைத்துத் தானும் கட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்று கொடுத்தார். கடையில் வாங்கியதைவிட அது காற்றோட்டமாக இருக்கிறது; ரிப் துணி, வியர்வையை உறிஞ்சுகிறது.

இந்தச் சித்திரையில் மறுபடி மேடை. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணியோடு தடை என்பது பாடகர்களுக்குத்தான் வருத்தம். மணிக்கட்டுக்கு அதைவிட நல்ல சட்டம் கிடையாது. பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போலீஸ்காரர் வாட்சைக் காட்டினார். மங்களம் பாடி இறங்கினோம். கை லேசாகச் சூடாக இருந்தது, அவ்வளவுதான். கமிட்டிக்காரர் மேடைக்குப் பின்னால் கவர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்த்தார். அவரும் எட்டு மெசின் போட்டு, துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் பார்த்து வாங்கிக் கம்பெனி நடத்துகிறவர். லீட் கிடார்காரருக்குக் கொடுத்துவிட்டு என் கவரைக் கையில் வைத்தபடி யோசித்தார்.

"ஏனுங்க தம்பி, அவுருக்கு ஆறு கம்பி, உங்குளுக்கு நாலு கம்பிதானே? ரெண்டு பேருத்துக்கும் ஒரே ரேட்டுங்களா?"

"கம்பி நாலுதானுங்க. ஆனா ஜி.எஸ்.எம். ஜாஸ்திங்க."

அவர் குனிந்து என் தடிக் கம்பியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். கவரை அப்படியே கொடுத்துவிட்டார்.